வயிறு சரியில்ல மச்சான்!

கொல்கத்தாவுல இருந்த அஞ்சு நாள்ல இந்த வசனத்தை நான் நாலு தடவை பேசினேன். நிஜத்துல அப்போ என் வயிறு, கல்லைப் போட்டாலும் கரைச்சிடற கண்டிஷன்ல இருந்தது. சரியில்லாம இருந்தது பர்ஸ்!

2024 டிசம்பர். ஃபைனல் இயர். ‘இதை விட்டா இனி எப்ப மச்சான்?’ங்கற கேள்வி எல்லா ஹாஸ்டல் ரூம்லயும் சுத்திக்கிட்டிருந்த நேரம். மத்தவங்க எல்லாம் கோவா, கொடைக்கானல்னு கிளம்ப, எங்க ரூம் மட்டும் கொல்கத்தானு முடிவு பண்ணுச்சு. காரணம் ‘டாக்டர்’. ரெண்டு தடவை நீட் எழுதிட்டு எங்களோட பி.காம் படிக்க வந்தவன்ங்கறதால அந்தப் பட்டம். அவன் மொபைல்ல ரீல்ஸைத் திறந்தா பாட்டு வராது, டான்ஸ் வராது... சோறு மட்டும்தான் வரும்! கொல்கத்தாவுல சாப்பிட வேண்டிய 23 இடங்களை எக்ஸெல் ஷீட்ல போட்டு, எந்தக் கடையில என்ன ஃபேமஸ்னு கலர் வேற அடிச்சு வச்சிருந்தான். பாடத்துக்கு இப்படி நோட்ஸ் எடுத்திருந்தா இந்நேரம் நிஜ டாக்டராவே ஆகியிருப்பான்.

கூட வந்த மத்த ரெண்டு பேர்: ‘மேனேஜர்’, ‘தம்பி’. மேனேஜர் எங்க பொருளாதாரத் துறை அமைச்சர். எந்தச் செலவா இருந்தாலும் அவன் ஆப்ல போட்டா, அது நாலா பிரிச்சு, யார் யாருக்கு எவ்வளவு தரணும்னு பைசா சுத்தமா சொல்லிடும். தம்பி ஆறடி ரெண்டு அங்குலம். அதனாலதான் அவன் தம்பி.

டிக்கெட்டும் ரூம் வாடகையும் ரெண்டு மாசம் முன்னாடியே கட்டியாச்சு. பார்ட் டைமா கேட்டரிங்ல பரிமாறப் போன காசு அதுக்குச் சரியா போச்சு. கிளம்பற அன்னிக்கு குமாரபாளையத்துலருந்து அப்பா 3,000 ரூபாய் அனுப்பினார். விசைத்தறி ஓட்டற மனுஷன். ஜிபேல பணம் வந்த சத்தம் அடங்கறதுக்குள்ள போன். ‘‘போற ஊர்ல நல்லா சாப்புடு சாமி. வவுத்தக் கட்டாத...’’

ஹவுரா மெயில் ஸ்லீப்பர்ல ஒரு நாளுக்கும் மேல உட்கார்ந்து, படுத்து, நின்னு போய்ச் சேர்ந்தோம். ஹவுரா பிரிட்ஜ், மஞ்சள் டாக்ஸி, அதே வருஷம் மார்ச்ல திறந்த, ஹூக்ளி ஆத்துக்கு அடியில ஓடற மெட்ரோ எல்லாத்தையும் பார்த்து வாயைப் பிளந்தோம். டாக்டர் மட்டும், ‘‘பிரிட்ஜை எல்லாம் திங்க முடியாது, வாங்கடா’’ன்னு இழுத்துட்டுப் போனான்.

முதல் ராத்திரி பார்க் ஸ்ட்ரீட். கிறிஸ்துமஸ் நேரத்துல அந்தத் தெருவைப் பார்க்கணுமே... தலைக்கு மேல முழுக்க லைட்! டாக்டர் லிஸ்ட்ல ரெட் கலர் அடிச்ச ரெஸ்டாரன்ட் வாசல்ல ஒரு மணி நேரம் கியூ. உள்ளே போனா மங்கலான விளக்கு, துணி நாப்கின், நாம தண்ணியை ஒரு வாய் குடிச்சதும் ஓடி வந்து மறுபடி ரொப்பற சர்வர். கபாப், வெண்ணெய் மினுங்கற சோறு, புகைஞ்சுக்கிட்டே வர்ற சிஸ்லர்னு டேபிள் ரொம்பிருச்சு. ருசி? சத்தியமா சூப்பர்! அதுல எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

மேனேஜர் ஆப்தான் என்னைக் கவுத்துச்சு. பில் 3,400. ‘டிங்’னு மெசேஜ்: ‘நீங்கள் தர வேண்டியது 850.’ அப்பா ரெண்டு ஷிப்ட் தறியில நின்னா வர்ற காசு. அதை முக்கால் மணி நேரத்துல தின்னு ஏப்பம் விட்டிருக்கேன். இன்னும் நாலு நாள், எக்ஸெல்ல இன்னும் 22 கடை. பதினொண்ணாம் வாய்ப்பாடு கூடத் தடுமாறற எனக்கு, அந்தக் கணக்கு மட்டும் சட்டுனு வந்துருச்சு.

அதனால மறுநாள் காலையில முதல் ரிலீஸ்: ‘‘வயிறு சரியில்ல மச்சான்!’’

டாக்டர்னு பேர் வச்சதுக்கு அவன் பழி வாங்கற நேரம் அது. கொண்டு வந்த மெடிக்கல் கிட்டைத் திறந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கலக்கி, கிட்டவே நின்னு குடிக்க வச்சான். ஒண்ணு இல்ல, மூணு! பசிக்கற வயித்துல உப்புத் தண்ணி... ‘‘காரம், எண்ணெய், கறி எதுவும் கிட்ட வரக் கூடாது’’ன்னு பத்தியம் வேற.

அன்னிக்கு மதியம் பார்க் சர்க்கஸ்ல அர்சலான் பிரியாணி. ‘‘சும்மா கூட உட்காருடா’’ன்னு கூட்டிட்டுப் போயிட்டானுங்க. கொல்கத்தா பிரியாணி நம்ம ஊர் மாதிரி மசாலா தூக்கலா இருக்காது. நீள நீளமா பொலபொலன்னு அரிசி, தாழம்பூ வாசனை, பெரிய மட்டன் பீஸ், அது பக்கத்துலயே அதே சைஸுக்கு ஒரு உருளைக்கிழங்கு. மூணு தட்டு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ரோட்டுல போற பஸ் நம்பரை எல்லாம் படிச்சேன்.

திடீர்னு ஒரு சின்னத் தட்டு என் முன்னாடி. அதுல மேனேஜர் தன் உருளைக்கிழங்கை எடுத்து வச்சிருந்தான். ‘‘உருளைக்கிழங்கு லைட்டுதான்டா. வயித்தை ஒண்ணும் பண்ணாது. சாப்பிடு!’’

மச்சான்... கறியோட சாறு, நெய், குங்குமப்பூ எல்லாத்தையும் உறிஞ்சி, விரல் பட்டாலே உடையற அந்தக் கிழங்கு! பார்க் ஸ்ட்ரீட் 850 ரூபாய் அதுக்குக் கால் தூசு. வாயில வச்சதும் கண்ணு கலங்கிருச்சு. ‘‘சூடு’’ன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அந்தக் கிழங்குக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கு. 1856-ல ஆங்கிலேயர்கள் அவத் ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கிட்டப்போ, நவாப் வாஜித் அலி ஷா லக்னோவை விட்டு வந்து தங்கினது கல்கத்தாவுல இருக்கற மெட்டியாபுருஸ்ல. கூடவே சமையல்காரங்களும் வந்தாங்க, பிரியாணியும் வந்துச்சு. ராஜ்ஜியம் போன நவாப்புக்குக் கறி வாங்கக் காசு பத்தல, அதனால கிழங்கைப் போட்டு தட்டை ரொப்பினாங்கங்கறது ஊர்ல சொல்ற கதை. நவாப் வம்சத்துல வந்தவங்க இதை ஒத்துக்கறதில்ல. அந்தக் காலத்துல உருளைக்கிழங்கே புதுசு, விலை அதிகம், கௌரவத்துக்காகப் போட்டதுன்னு சொல்றாங்க. வருஷத்துக்கு 12 லட்சம் பென்ஷன் வாங்கி, மெட்டியாபுருஸ்ல மிருகக்காட்சி சாலையே வச்சிருந்த மனுஷன் கறிக்கா கஷ்டப்பட்டிருப்பார்னு எனக்கும் தோணுது. ஆனா, டாக்டர் இந்த ரெண்டு கதையையும் டேபிள்ல விளக்கினப்போ நான் வாயே திறக்கல. இல்லாததை மறைக்க வச்ச கிழங்குங்கற முதல் கதையிலேயே என் மனசு நின்னுருச்சு.

மூணாம் நாள், ‘‘ரூம்ல ரெஸ்ட் எடுக்கறேன், நீங்க போங்க’’ன்னு சொல்லிட்டு, அவங்க போன அரை மணி நேரத்துல நானும் கிளம்பினேன். பசி பாஸ்... பசி! எஸ்பிளனேட் பக்கம் டேக்கர்ஸ் லேன்னு ஒரு சந்து. ஆபீஸ் ஆளுங்க பெஞ்சுல தோளோட தோள் இடிச்சு உட்கார்ந்து சாப்பிடற இடம். அங்கே சித்தோ பாபு கடையில சிக்கன் ஸ்டூ, வெண்ணெய் தடவின டோஸ்ட். ஸ்டூன்னா பெரிய விஷயம் இல்ல. மிளகு வாசம் அடிக்கற தண்ணியான சாறு, ஒரு துண்டு கறி, கேரட், பப்பாளி. பிரெட்டை நனைச்சு நனைச்சு சாப்பிட்டேன். பத்தியச் சாப்பாடு மாதிரியே இருந்ததால, சொன்ன பொய்க்கு நியாயம் செஞ்ச மாதிரி ஒரு அல்ப திருப்தி!

அப்புறம் காலேஜ் ஸ்ட்ரீட். ரெண்டு பக்கமும் புத்தகக் கடை. நடுவுல ஒரு பழைய கட்டடத்து மாடியில இந்தியன் காபி ஹவுஸ். வெள்ளை யூனிஃபார்ம், தலைப்பாகை கட்டின சர்வர்கள், சுவர்ல பெரிய தாகூர் படம், காக்கா கூட்டம் மாதிரி பேச்சுச் சத்தம். தொழிலாளர்களே கூட்டுறவு சங்கம் வச்சு நடத்தற இடம். ‘இன்ஃப்யூஷன்’னு கேட்டா கடுங்காபி வரும். அது ஒண்ணை வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் கூட ‘வேற என்ன வேணும்?’னு வந்து நிக்கல. நம்ம ஊர்ல கை கழுவறதுக்குள்ள பில் வந்துடும்!

எதிர்ல உட்கார்ந்த ஒரு பெரியவர் இங்கிலீஷ்ல பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன படிப்புன்னு ஆரம்பிச்சு, ‘‘மதியம் எங்கே சாப்பிடறே?’’ன்னார். மெனு கார்டுல காபியைத் தவிர வேற எதையும் நான் பார்க்காததை அவர் பார்த்திருக்கணும். ‘‘பைஸ் ஹோட்டல் போயிருக்கியா? பக்கத்துலதான்’’னு வழி சொன்னார்.

பைஸ்னா பழைய காலத்துப் பைசா. கிராமத்துலருந்து படிக்கவும் குமாஸ்தா வேலைக்கும் வந்து தங்கினவங்களுக்காக, சில பைசாவுல சோறு போட்ட கடைங்க. நான் போனது பிரசிடென்சி யுனிவர்சிட்டியை ஒட்டின பவானி தத்தா லேன்ல இருக்கற ‘ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல்’. பிரசிடென்சியில படிச்ச நேதாஜி இங்கே சாப்பிட்டிருக்கார், இங்கே செய்யற பசலைக்கீரைப் பொரியல் அவருக்கு இஷ்டம்னு சொல்றாங்க.

உட்கார்ந்ததும் முன்னாடி விழுந்தது... வாழை இலை! மூணு நாளா தமிழே காதுல விழாத ஊர்ல அந்தப் பச்சையைப் பார்த்ததும் பாதி வயிறு ரொம்பிருச்சு. ‘சோறு இவ்வளவு, பருப்பு இவ்வளவு, கீரை இவ்வளவு, ரூயி மீன் இவ்வளவு’ன்னு எல்லாத்துக்கும் தனித்தனி விலை. இலைக்குக் காசு, எலுமிச்சைத் துண்டுக்குக் காசு! முதல்ல ‘அடப்பாவிகளா’ன்னுதான் தோணுச்சு. அப்புறம்தான் உறைச்சுது. நான் வாங்காத எதுக்கும் நான் காசு தர வேண்டியதில்ல. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவர் இறால் தின்னாலும், ஆட்டுக்கறி தின்னாலும் அது என் தலையில விழாது. சோறு, பருப்பு, கீரை, மீன் குழம்பு. கடுகெண்ணெய் வாசம் மூக்குல ஏறி உச்சந்தலையில நின்னுச்சு. மூணாவது வாய்லருந்து அது இல்லாம எப்படி இத்தனை வருஷம் மீன் சாப்பிட்டோம்னு தோணுச்சு. எழுந்திருக்கும்போது பரிமாறினவர் என் இலையை ஒரு பார்வை பார்த்துட்டு, கடகடன்னு மூச்சு விடாம ஒப்பிச்சு, கல்லாவுக்குக் குரல் கொடுத்தார். நூத்திச் சொச்சம்!

அந்தக் கடுகெண்ணெய்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

சாயந்திரம் பிரின்ஸெப் காட் படிக்கட்டுல நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் என் கையைப் பிடிச்சு நாடி பார்க்கறேன்னு கிட்டே வந்தவன், அப்படியே மோந்து பார்த்தான். ‘‘டேய்... மீன் குழம்பு! உனக்கு வயித்துப்போக்குன்னு நான் என் நல்ல ஓ.ஆர்.எஸ். எல்லாம்...’’ முதல்ல எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்கு முகம் ஒத்துழைக்கல. மேனேஜர் சிரிப்பை நிறுத்திட்டான்.

‘‘காசு பிரச்னையா?’’

நான் ஆத்தைப் பார்த்தேன்.

‘‘ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா?’’

‘‘சொன்னா என்ன பண்ணியிருப்ப?’’

‘‘நான் குடுத்திருப்பேன்.’’

‘‘அதுக்குத்தான் சொல்லல.’’

அவனுக்குக் கோபம் வந்துருச்சு. எங்களை என்னன்னு நினைச்சே, மூணு வருஷமா ஒரே தட்டுல தின்னு என்ன பிரயோஜனம், நாங்க வாயில வச்சதெல்லாம் இப்ப என்னவோ மாதிரி ஆயிருச்சுன்னு பொரிஞ்சு தள்ளினான். அவன் சொன்னதுல தப்பு இல்ல. அவங்க மூணு பேரையும், நண்பன் பட்டினியா உட்கார்ந்திருக்க பிரியாணி தின்னவங்களா ஆக்கினது நான்தான். அதே சமயம், ‘நான் தர்றேன்டா’ன்னு ஒருத்தன் பர்ஸை எடுக்கற அந்த ஒரு செகண்ட் இருக்கே... அதை வாங்கிக்கற இடத்துல நின்னு பார்த்தாத்தான் தெரியும்.

மண் குவளையில டீ விக்கற தாதா வந்தார். நாலு டீ. யார் காசு கொடுக்கறதுன்னு நாலு பேரும் தயங்கினோம். மூணு வருஷத்துல அப்படி ஒரு தயக்கம் எங்களுக்குள்ள வந்ததே இல்ல. கடைசியில அவனவன் டீக்கு அவனவன் கொடுத்தான். அன்னிக்கு ராத்திரி ரூம்ல யாரும் யார்கிட்டேயும் பேசல. தம்பி குறட்டை கூட அடக்கி வாசிச்ச மாதிரி இருந்தது.

காலையில பல் விளக்கிட்டே மேனேஜர், ‘‘அந்த மீன் கடை எங்கே இருக்கு?’’ன்னான். அவ்வளவுதான்.

பவானி தத்தா லேன். நாலு இலை. டாக்டர் எக்ஸெல்லை மூடி வச்சுட்டு, பரிமாறறவர் சொல்ற பேரை எல்லாம் நோட்ல எழுதிக்கிட்டான். தம்பி மூணு மீன், ரெண்டு தடவை சோறு. மேனேஜர் ஆட்டுக்கறி. நான் நேத்து சாப்பிட்டதே. சாப்பிட்டு முடிச்சதும் அந்த மனுஷன் வந்து நாலு இலையையும் பார்த்து, நாலு பேர் கணக்கையும் தனித்தனியா தப்பில்லாம ஒப்பிச்சார். மேனேஜர் வாயடைச்சுப் போயிட்டான். ‘‘ஆப்பை விட பெட்டரா இருக்குடா!’’

அப்பதான் தம்பி மெதுவா வாயைத் திறந்தான். ‘‘பார்க் ஸ்ட்ரீட்ல அந்த பில்லைப் பார்த்தப்ப எனக்கும் வயித்தைக் கலக்குச்சுடா. ஆனா இவன் மாதிரி பட்டினி கிடக்க என்னால ஆவல. எங்க அக்காகிட்ட கடன் வாங்கினேன்.’’

அடப்பாவி!

அன்னிக்குச் சாயந்திரம் டாக்டருக்கு ஃப்ளூரிஸ் போயே ஆகணும். 1927-லருந்து பார்க் ஸ்ட்ரீட்ல இருக்கற கேக் கடை. நான், ‘‘காசு இல்லடா, நான் வரல. நீங்க போங்க’’ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள காது ரெண்டும் சூடாயிருச்சு. ‘‘சரி, ஏழு மணிக்கு இங்கேயே நில்லு’’ன்னு அவங்க பாட்டுக்குப் போயிட்டானுங்க! வற்புறுத்தல, பர்ஸை எடுக்கல, தியாகம் பண்ணிட்டு என்கூட நிக்கவும் இல்ல. நான் லைட்டு பார்த்துக்கிட்டே தெருவை ரெண்டு ரவுண்டு அடிச்சேன். திரும்பி வரும்போது டாக்டர் கையில டிஷ்யூல சுத்தின பாதி பேஸ்ட்ரி. நசுங்கி, கிரீம் எல்லாம் பேப்பர்ல ஒட்டி கேவலமா இருந்துச்சு. நக்கித் தின்னேன்.

அதுக்குப் பதிலா புச்கா என் ட்ரீட். நம்ம பானி பூரிதான், ஆனா புளித்தண்ணி நறுக்குனு இருக்கும். தொன்னையைக் கையில கொடுத்துட்டு வரிசையா ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போவார். முடிஞ்சதும் தண்ணி இல்லாம ஒண்ணு இலவசம். அதுக்குப் பேரு ‘ஃபாவ்’. கேட்காமலே வரும், யாரும் நன்றி சொல்றதில்ல. தம்பி ரெண்டாவது ஃபாவ் கேட்டுத் திட்டு வாங்கினான்.

கடைசி நாள் மதியம் மறுபடியும் பிரியாணி. இந்தத் தடவை நாலு தட்டு, என் தட்டு என் காசு. கறியைத் தின்னேன், சோறைத் தின்னேன், கிழங்கை மட்டும் ஓரமா கடைசிக்கு வச்சிருந்தேன். மேனேஜர் கை மெதுவா என் தட்டுப் பக்கம் வந்துச்சு.

‘‘என்னடா?’’

‘‘வயிறு சரியில்ல மச்சான். லைட்டா ஏதாவது...’’

பாதி கொடுத்தேன். பெரிய பாதி இல்ல, சின்னப் பாதி!

ராத்திரி ஹவுரா ஸ்டேஷன்லருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். முந்தின நாள் எல்லாம் ‘‘சாப்டேம்மா’’ன்னு ஒரே வார்த்தையில வச்சுட்டவன், அன்னிக்கு பிரியாணி, கிழங்கு, மண் சட்டியில தயிர், ஈச்ச வெல்லம் போட்ட சந்தேஷ்னு வரிசையா சொல்லிட்டு, பைஸ் ஹோட்டலுக்கு வந்தேன். அம்மா எல்லாத்துக்கும் ‘ம்’ போட்டுட்டே வந்தாங்க. ஒரு இடத்துல நின்னுட்டாங்க.

‘‘ஏஞ்சாமி... எலைக்குமா காசு வாங்கறான்? ஏனுங்க, இங்க வந்து இந்த அநியாயத்தக் கேளுங்க!’’